பல்லியும் காணாக்கடியும்

திருத்தணி நடுவர் அவர்கள் முன்பு, உண்மை சொல்வதாக உறுதி கூறிக் கொடுக்கும் வாக்குமூலம்.

என் பெயர் வேதாசலம். வயது அறுபத்தொன்று. தகப்பனார் பெயர் கஜபதி. கனகம்மாசத்திரத்தில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், பிள்ளையார் கோயில் தெருவில் குடியிருந்து, சொந்த நிலத்தில் நெல்லும் கரும்பும் வைத்து விவசாயம் செய்து வருகிறேன். இந்த வழக்கில் விஷம் வைக்கப்பட்டவன் என்று எழுதப்பட்டிருப்பது நான்தான். எனக்கு யாரும் விஷம் வைக்கவில்லை என்று சொல்வதற்காக நானாகவே மனுப் போட்டு வந்திருக்கிறேன்.

என் மனைவி காலமாகிவிட்டார். என்னுடன் மகன் பூபாலன், மருமகள் சிரீஷா, கணவரை இழந்த என் அக்காள் கௌரியம்மாள் ஆகியோர் இருக்கிறார்கள். பூபாலன் நல்கொண்டாவில் வேலை பார்த்தபோது அந்த ஊர்ப் பெண்ணான சிரீஷாவை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். அக்காளுக்குத் தன் மகளை அவனுக்குக் கொடுக்க ஆசை இருந்தது. அதில் மனத்தாங்கல் உண்டு. இல்லை என்று சொன்னால் இங்கேயே பொய்ச் சாட்சி ஆகிவிடும். சிரீஷாவுக்குத் தமிழ் இப்போதுதான் வருகிறது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெலுங்கு தெரியும் என்றாலும் அது எல்லைப்புறத் தெலுங்கு. அவள் பேசுவதில் பாதி புரியும், மீதிப் பாதிக்குத் தலையாட்டுவோம்.

ஆனி மாதக் கிருத்திகையன்று நானும் அக்காளும் திருத்தணி மலைக்குப் புறப்பட்டோம். கிருத்திகைதோறும் வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் படியேறி, தரிசனம் முடித்து, கீழே வந்துதான் சாப்பிடுவது என் வழக்கம். என் தகப்பனாருக்கும் அதுதான் வழக்கம். அன்று முழங்கால் வலிக்கு மாத்திரை போடவேண்டியிருந்தது. வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று சிரீஷா வழி மறித்துவிட்டாள். "மாமய்யா, வத்து. தோச துன்னு, அப்பறம் மாத்திர" என்றாள். வத்து என்றால் வேண்டாம். அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தோசை தின்றேன், சட்னி ருசியாக இருந்ததால் கிண்ணத்தை விரலால் வழித்தேன், அதன் பிறகு மாத்திரை போட்டேன். அந்த நேரத்தில் சிரீஷா தன் தாயாருக்குப் போன் செய்து, "பல்லீலு ஏசின, மாமய்ய மொத்தம் தின்னரு" என்று சிரித்தபடி சொன்னாள். பல்லீலு போட்டேன், மாமனார் முழுவதையும் தின்றுவிட்டார் என்பது பொருள். அக்காள் அடுப்படி வாசலில் நின்று இதைக் கேட்டார். இந்தச் சொல்லை மன்றம் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

அதன் பிறகு பேருந்தில் திருத்தணி வந்து, அடிவாரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் படியேறினேன். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. மாத்திரையால் கால் வலி விட்டிருந்தது. அந்தக் குஷியில் இளவட்டம்போல விறுவிறுவென்று ஏறினேன். பாதி வழியில் உள்ளங்கை அரித்தது. அதன் பிறகு உள்ளங்கால் அரித்தது. காது மடல் நெருப்பாய்ச் சுட்டது. வயிற்றைப் பிசைந்தது. உதடு தடித்து, வாய் என்னுடையதாக இல்லை. அக்காளைக் கூப்பிட்டேன், நாய்க்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம்தான் வந்தது. உட்கார்ந்தேன். கண் இருண்டது. மலையும் படியும் எங்கேயோ விலகிப் போயின.

விழுந்தவனைச் சுற்றி ஜனம் கூடியது. ஒருவர் என்னைத் தூக்கி உட்காரவைத்தார், உட்கார்ந்ததும் இன்னும் மோசமானது. இன்னொருவர் நெற்றியில் விபூதி பூசி, "துன்னுட்டு மலையேறினா முருகன் சும்மா வுடுவானா?" என்றார். நான் சாப்பிட்டு வந்ததை அக்காள்தான் அழுதுகொண்டே சொல்லியிருந்தார். அதன் பிறகு ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துக் கீழே இறக்கி, ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பணியில் இருந்த டாக்டர் அபிகாயில் என்னைப் பார்த்த மாத்திரத்தில், வேட்டியைக்கூட விலக்காமல் அதன் மேலேயே தொடையில் ஊசி போட்டார். கால்களை உயர்த்தி வைத்தார்கள். மறுபடி ஒரு ஊசி. அதன் பிறகு, அடைத்த மதகைத் திறந்ததுபோல மூச்சு வந்தது. நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, ஆனால் நான் இருந்தேன். போன உயிர் தொடை வழியாகத் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றே அக்காள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். மருமகள் சட்னியில் பல்லி போட்டுத் தம்பியைக் கொல்லப் பார்த்தாள், அதைப் போனில் சொல்லிச் சிரித்ததை என் காதால் கேட்டேன் என்பது புகார். பல்லி விழுந்த சோறு விஷம் என்று எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சிரீஷாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் அங்கே இல்லை. என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த பெண் காவலர் கயல்விழி சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன்.

"சட்னில இன்னாம்மா போட்ட?"

"பல்லி."

"பல்லியா?"

"ஆங், பல்லி. ஒரு புடி. வறுத்து, தோல் எடுத்து, மிக்சில போட்டு."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாராம். ஒரு கைப்பிடி பல்லிக்கு அந்தப் பெண் எங்கே போவாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் பிடிப்பதென்றால் ஒரு வருஷம் ஆகும். தான் குற்றத்தை ஒப்புக்கொண்டது தெரியாமலேயே சிரீஷா கூடவே, கொஞ்சம் புளியும் வைத்தேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்து, கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் ஊசி நகர்ந்துவிட்டது. நல்கொண்டா பக்கம் வேர்க்கடலைக்குப் பல்லீ என்று பெயர் என்று சொன்னேன். எங்கள் தெலுங்கில் அது செனக்காய். கயல்விழியும் சிரித்தார். ஆனால் விசாரணை அதிகாரி சிரிக்கவில்லை. பல்லி இல்லை, கடலைதான் என்றே வைத்துக்கொள்வோம், அறுபது வருஷம் கடலை தின்று வளர்ந்த ஆள் கடலைச் சட்னியில் எப்படி விழுவார், அதில் வேறு ஏதோ கலந்திருக்கவேண்டும் என்றார். கிண்ணத்தை நான்தான் வழித்துவிட்டேனே, சோதிக்கச் சட்னியும் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பல்லி போய்விட்டது, வழக்கு போகவில்லை.

மறுநாள் டாக்டர் அபிகாயில் என் கட்டிலருகே வந்து, இதற்கு முன் இப்படித் தடித்து அரித்தது உண்டா என்று கேட்டார். காணாக்கடி வந்திருக்கிறது என்றேன். கடித்தது எது என்று காணாமல் உடம்பெல்லாம் தடிப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எப்போது என்று கேட்டார். ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற நாட்களில் வரும், தோகைக்குள் ஏதோ பூச்சி என்று நினைத்து, வேப்பிலை அடித்து மந்திரித்துப் பாடம் போட்டுக்கொள்வேன் என்றேன். "கரும்பு ஏத்தறதுக்கு முன்னாடி இன்னா சாப்புடுவீங்க?" என்று கேட்டார். மடியில் வறுத்த வேர்க்கடலை இருக்கும், அதைக் கொறித்துவிட்டுத்தான் கட்டுத் தூக்குவேன் என்று சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். தோல், தொண்டை, குடல் என்று வெளியாள் நுழையக்கூடிய இடமெல்லாம் உடம்புக்குள் காவல் அணுக்கள் நிற்கின்றன. அவற்றின் வயிறு நிறைய மருந்து மூட்டை. குடல் புழு போன்றவற்றை விரட்ட ஏற்பட்ட படை அது என்று நினைக்கிறார்கள். என் உடம்பு எந்தக் காலத்திலோ வேர்க்கடலையில் உள்ள ஒரு சத்தை எதிரி என்று தப்பாக எழுதிக்கொண்டு, அதைப் பிடிப்பதற்கென்றே கொக்கிகள் செய்து, அந்தக் காவலர்கள்மேல் மாட்டி வைத்துவிட்டது. கடலைச் சத்து வந்து கொக்கியில் சிக்கினால் மூட்டைகள் வெடிக்கும். அதுதான் ஒவ்வாமை. சும்மா உட்கார்ந்து தின்றால் அந்தச் சத்து குடலிலேயே செரித்துவிடும், கொக்கிவரை அதிகம் போகாது. தின்றுவிட்டு வேர்க்க விறுவிறுக்க உழைத்தால் குடல் சுவர் இளகி ரத்தத்துக்குள் நிறையப் போய்விடும். வலி மாத்திரையும் அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிடும். இதில் இன்னும் முழுதாகத் தெரியாதது உண்டு என்றும் அவரே சொன்னார்.

ரத்தம் எங்கும் சிந்தவில்லையே, என்னைக் கொண்டுவந்தபோது நாடியே அகப்படவில்லை என்றார்களே, அது ஏன் என்று கேட்டேன். மூட்டை வெடித்ததும் ரத்தக் குழாய்கள் அகன்று ஒழுக ஆரம்பித்துவிடும், ரத்தத்திலுள்ள நீர் உடம்புக்குள்ளேயே வடிந்துவிடும் என்றார். கரை கசிந்த கால்வாய்தான் அது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நிலமெல்லாம் சொதசொதவென்று நனைந்திருக்கும், கடைமடைக்குத் தண்ணீர் வராது. முருகன் தண்டித்தார் என்று ஒருவர் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். அவர் ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர், சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "சாப்டுட்டு ஏறினதுதான் காரணம்னு சொன்னாரு இல்ல, அதுல பாதி சரிதாங்க" என்றார். இத்தனை காலம் வெறும் வயிற்றோடு ஏறியதால்தான் மலை என்னை ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கிறது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. தடிப்பு வருகிறதோ என்று டாக்டரே கையைத் திருப்பிப் பார்த்தார்.

அதன் பிறகு அவர் சீட்டுக் கொடுத்துச் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து ஊசி முனையால் கீறினார்கள். மற்ற சொட்டுகள் சும்மா இருந்தன. கடலைச் சொட்டு வைத்த இடம் என் கண்ணெதிரே வெளுத்து மேடிட்டு, சுற்றிலும் சிவந்து, நாலணாக் காசு அளவுக்கு எழும்பியது. இத்தனை நாள் காணாமல் கடித்தவனை அன்றுதான் கண்டேன். அவன் வெளியிலிருந்து வரவில்லை.

இது போதும், இனி கடலையைத் தொடவேண்டாம் என்றார்கள் டாக்டர்கள். எனக்குப் போதவில்லை. கடலையும் உழைப்பும் சேர்ந்தால்தான் வரும் என்பது நிரூபணமானால்தான் என் மருமகள் மேலுள்ள சந்தேகம் போகும் என்று சொன்னேன். ஆபத்து உண்டு என்று எச்சரித்தார்கள். நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். ஒருநாள் கடலையைத் தின்னவைத்து உட்கார வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு நாள் வெறும் வயிற்றில் ஓடும் இயந்திரத்தின் மேல் நடக்கவைத்தார்கள், வேர்த்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் முறை கடலையும் கொடுத்து நடக்கவும் வைத்தார்கள். ஊசி மருந்தோடு பக்கத்திலேயே நின்றார்கள். சற்று நேரத்தில் உள்ளங்கை அரித்தது. கழுத்தில் தடிப்பு கிளம்பியது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். "வந்துச்சு, வந்துச்சு, எழுதிக்கோங்க" என்று கத்தினேன். அந்த அறிக்கையை மன்றத்தில் தாக்கல் செய்திருக்கிறேன்.

என் அக்காள் பொய்ப் புகார் கொடுக்கவில்லை. கேட்டதைத்தான் சொன்னார். தம்பிமேல் உயிரையே வைத்திருப்பவர். எனக்குள் இருக்கும் காவல்காரனும் அக்காளும் ஒரே ரகம். பாசம் அதிகம், காது மந்தம். இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம் இல்லை. சிரீஷாதான் மாறிவிட்டாள். புகாருக்குப் பிறகு, எனக்குப் போடும் எதையும் என் எதிரிலேயே தான் ஒரு வாய் தின்றுகாட்டிவிட்டுத்தான் போடுகிறாள். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு தின்றுகாட்டுகிறாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

மறுபடி இப்படி வந்தால் தொடையில் போடவேண்டிய மருந்தையும் சிரிஞ்சையும் டாக்டர் அபிகாயில் கொடுத்திருக்கிறார். அட்ரினலின் என்று பெயர். நாம் பயந்தால் உடம்பே சுரந்துகொள்வதும் அதுதானாம். கொல்ல வந்ததும் உடம்பின் சரக்கு, காக்க வந்ததும் உடம்பின் சரக்கு என்று நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. ஊசி போட வீட்டில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார். பூபாலன் ஊசி முனையைப் பார்த்ததும் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டான். அக்காள் கண்ணை மூடிக்கொண்டார். சிரீஷா சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகிக்கொண்டாள். நான் போகும் இடமெல்லாம் அந்தப் பையோடு கூடவே வருகிறாள்.

இன்றும் வந்திருக்கிறாள். பையில் ஊசி இருப்பதைக் கண்டு, வழக்கு உள்ள பெண் என்பதால், வாசலில் இருக்கும் காவலர் அவளைக் கீழேயே நிறுத்திவைத்திருக்கிறார். அவரும் தன் வேலையைத்தான் பார்க்கிறார். ஆனால் நான் மாடிப்படி ஏறி வந்திருக்கிறேன், காலையில் சாப்பிட்டும் வந்திருக்கிறேன். கடலை தின்னவில்லை, இட்லிதான். இருந்தாலும் அந்த ஊசியைப் போடத் தெரிந்தவள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான். அவளை உள்ளே தள்ளினால் என் உயிரையும் சேர்த்துத்தான் உள்ளே தள்ளுவீர்கள். வழக்கில் தீர்ப்பு எப்போது வேண்டுமானாலும் வரட்டும். முதலில் அவளை மேலே விடச் சொல்லுங்கள் ஐயா.

இதில் நான் கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சிரீஷா சட்னியில் போட்டதாக வரும் இடத்தில் "பல்லி" என்றே எழுதியிருந்ததைச் சொல்லி, பக்கத்தில் "வேர்க்கடலை" என்று எழுதவைத்து, அதன் பிறகே கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்)
க. வேதாசலம்