காலுக்குக் கீழே உறுமல்

எங்கள் காரின் முன்சக்கரம் உறுமத் தொடங்கியபோது நான் செய்த ஒரே ரிப்பேர், ரேடியோவைச் சத்தமாக வைத்ததுதான். இப்போது கார் மெக்கானிக்கிடம் கிடக்கிறது. கிண்டி போக அடையாறில் பஸ் ஏறினேன். முன்சீட்டில் அண்ணன் தம்பி இருவர்.

“நம்ம கார் வீலுக்குப் புது பேரிங்கை ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன். மாவு எடுக்கசொல்ல கீழ போட்டுடப் போறாங்க, அண்ணிகிட்ட சொல்லிடு,” என்றான் தம்பி.

“ஃப்ரீசர்ல இன்னாத்துக்குடா?”

“சில்லுனு இருந்தா கொஞ்சம் சுருங்கும்ணா. சுத்தியால அடிக்காம உள்ள போய்டும்.”

“நாளைக்குக் காலைல அம்மாவுக்கு கேன்சர் ஊசி. வண்டி ரெடியாவணும். ஆட்டோல குலுங்கினா அது தாங்காது.”

“ஆய்டும். பட்டறைல பழைய பேரிங்கை இழுக்கிற புல்லரை வாங்கியாந்து வலது வீலைக் கழட்டிடலாம்.”

“வலதுதானா?”

“ரைட்ல திரும்பசொல்லதானே சத்தம் ஏறுது?”

அண்ணன் சற்று யோசித்தான். “ரைட்ல திரும்பினா வெயிட்டு லெஃப்ட்லடா சாயும். அம்மா உக்கார்ற பக்கம்.”

“அதான் காலுக்குக் கீழ உறுமுதுன்னு சொல்லிச்சா?”

“ஊசி போட்டதுல கால் மரத்துப்போயி அப்டி தோணுதுன்னு அது வாயை அடச்சிட்டோமே.”

தம்பி போனை எடுத்தான். “அம்மா, நீ சொன்னதுதாம்மா. உன் பக்கம்தான்.”

கிண்டி வந்ததும் இருவரும் இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதை உருக்கமாகச் சொன்னேன்.

“நானும் அந்தச் சீட்லதான் உக்காந்துண்டு வரேன்,” என்றாள். “நான் சொன்னப்போ உங்களுக்குப் பாட்டுதான் கேட்டுது.”