இருநூற்றுக்குக் கீழே

என் மனைவிக்கு வலது கால் செருப்புதான் முதலில் தேயும். இடதுகால் செருப்பு புதிதாகவே கிடக்கும். தூக்கிப்போட மனமில்லாமல் அவற்றை மாடிப்படிக்கு அடியில் சேர்த்துவைப்பாள். "ஒத்தைக்கால்காரி யாராவது வந்தா குடுத்துரலாம்" என்பாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

நான் கார் கியர்பாக்ஸ் பழுதுபார்ப்பவன். வீட்டை ஒட்டியே பட்டறை. ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராக் ரேஸ் நடக்கும். இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். மஞ்சள் விளக்குகள் எரிந்து முடிந்து பச்சை விழும். நானூறு மீட்டர் நேர்கோட்டில் முதலில் போய்ச் சேர்பவருக்கு வெற்றி. அவ்வளவுதான். வண்டியை நான் கட்டினேன். நான் கனத்த உடம்புக்காரன் என்பதால் அவள் ஓட்டினாள். ஆசைப்பட்டுத்தான் ஓட்டினாள். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டியில் குறையில்லை. புறப்படுவதில்தான் தோற்றோம். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால், பச்சை விழுந்து அவள் கால் அசைய இருநூற்றெண்பது ஆனது. நல்ல ஓட்டுநருக்கு இருநூறுதான் ஆகும். "வண்டி முழிச்சிட்டுதான் இருக்கு, நான்தான் தூங்குறேன்" என்று அவளே சொன்னாள்.

பட்டறையில் ஒரு கார் இருக்கையைத் தரையில் பொருத்தி, எதிரே விளக்குகளை மாட்டினேன். இரண்டு பெடல்கள்தான், ரேஸ் வண்டியிலும் வீட்டுக் காரிலும் கிளட்ச் கிடையாது. இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்சிலரேட்டர் மேல். பச்சை விழுந்ததும் இடது கால் பிரேக்கை விட வேண்டும், வலது கால் மிதிக்க வேண்டும். காலையில் நாற்பது தடவை, மாலையில் நாற்பது தடவை. திரையில் வரும் எண்ணை நோட்டில் குறிப்பேன். இரண்டு மாதத்தில் இருநூற்றைம்பதுக்கு வந்தாள். அதற்குக் கீழே இறங்கவில்லை.

ஒருநாள் அவளுக்குப் பின்னால் அலமாரியிலிருந்து ஒரு இரும்பு வளையம் விழுந்தது. அதே கணத்தில் பச்சையும் விழுந்தது. திரையில் இருநூற்றுப் பத்து. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் யோசனையை முந்திக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

லாரியிலிருந்து கழற்றிய ஏர் ஹாரன் ஒன்று பட்டறையில் கிடந்தது. அதை இருக்கைக்கு அடியில் வைத்தேன். பச்சையோடு சேர்ந்து அதுவும் அலறும். ஒரே வாரத்தில் நூற்றுத் தொண்ணூறு. அடுத்த ரேஸில் ஜெயித்தோம். அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் பழகிய பயம் பயமே அல்ல. எண் மறுபடி ஏறியது. எப்போது வரும் என்று தெரியாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும்.

அதனால் சமையலறைப் பரணில் ஒன்று, குளியலறைக் கதவுக்கு மேல் ஒன்று, அவள் கடைக்குப் போகும் காரின் இருக்கைக்கு அடியில் ஒன்று என்று வைத்தேன். அவற்றை அலறவைக்கும் ரிமோட் பொத்தான் என் சட்டைப்பையில் இருக்கும். சத்தம் கேட்ட இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தாலும், வலது காலால் மிதிக்க வேண்டும். மிதித்தாள். ஒருமுறை எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து மணிக்கட்டு வெந்துவிட்டது. மருந்து போட்டுவிட்டது நான்தான்.

பிறகு அவள் சுவரை ஒட்டியே நடக்க ஆரம்பித்தாள். உட்காருவதற்கு முன் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்ப்பாள். தூக்கத்தில் அவள் கால் மெத்தையை மிதிக்கும்.

"சட்டைப்பையில கை விடாதீங்க" என்றாள் ஒருநாள்.

"கைக்குட்டை எடுக்கப்போனேன்."

"தெரியும். இருந்தாலும் விடாதீங்க."

"போதும்ங்க" என்றும் சில நாள் சொன்னாள். அன்றைக்குப் போதும் என்று எடுத்துக்கொண்டேன். எண் நூற்று எழுபதில் இருந்தது. அந்த நேரத்தில் யார் நிறுத்துவார்கள்?

வீட்டுக் காரின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியர் போட்டு, விளக்கு இல்லாமல் வெறும் ஹாரனை மட்டும் அழுத்திப் பார்த்தேன். இருபது தடவை. இருபது தடவையும் மிதித்தாள். இதை நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

போன செவ்வாய்க்கிழமை அவளுடைய அக்கா வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாப்பிடும்போது அவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. மேசைக்கு அடியில் என் மனைவியின் கால் தரையை மிதித்தது. அக்கா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தம்பி, இவ சும்மாதான் உக்காந்திருக்கா. நாடி நூத்து நாப்பது ஓடுது."

"ரேஸ் வருதுக்கா. அந்தப் பதட்டம்."

வெந்த தழும்பையும் பார்த்தார். பிறகு இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்தபோது அக்காவின் கையில் பெட்டி.

"நான் கூட்டிட்டுப் போறேன், தம்பி."

"வர்ற ஞாயித்துக்கெழம ரேஸ்" என்றேன்.

அவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

நான் சண்டை போடவில்லை. குரல்கூட உயர்த்தவில்லை. மாடி ஜன்னலுக்குப் போய் நின்றேன். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் மனைவிதான் வீட்டுக் காரில் உட்கார்ந்து கிளப்பினாள். கார் கேட்டைப் பார்த்து நின்றது. அக்கா பெட்டியைப் பின்சீட்டில் வைத்துவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனார். அந்தத் தாழ்ப்பாள் இறுகிப்போனது, இரண்டு கையாலும் தூக்க வேண்டும். காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூக்கினார். கியர் விழுந்ததும் பின்பக்கம் லேசாக அமுங்கியதைப் பார்த்தேன். பிரேக்கில் கால் இருக்கிறது என்று அர்த்தம்.

எட்டு மாதப் பயிற்சி அந்தக் கேட்டைத் தாண்டிப் போகப் பார்த்தது. பொத்தானை அழுத்தினேன்.

தவறுதலாக அழுத்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அக்கா எங்கே நிற்கிறார் என்று தெரியும். இவள் கால் என்ன செய்யும் என்றும் தெரியும்.

நான் இறங்கிப்போய்ச் சாவியைத் திருப்பும்வரை அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். கேட்டோடு நசுங்கிக் கிடந்தவரைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள். "நான்தானே செஞ்சேன்?"

"உன் கால்தான்" என்றேன். அது பொய்யில்லை. நீங்கள் வருவதற்குள் எல்லா ஹாரன்களையும் கழற்றிவிட்டேன். அவள் ஹாரனைப் பற்றி உங்களிடம் வாயே திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் பக்கத்தில் இல்லாதபோதும் அவளுக்குப் பயம்தான். அவள்மேல் கொலைப்பழி விழுவது நியாயமில்லை. அதனால்தான் நானாக வந்து சொல்கிறேன். நான்தான் கொன்றேன்.

ஒரே ஒரு உதவி. வாசல் கேமராவை நீங்கள் எடுத்துப் போயிருக்கிறீர்கள். அதில் சத்தமும் பதிவாகும். ஹாரன் ஒலித்த கணத்துக்கும் சக்கரம் அசைந்த கணத்துக்கும் இடையில் எவ்வளவு என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். நூற்றைம்பதுக்குக் கீழேதான் இருக்கும். அதை அவளிடம் சொல்லிவிடுங்கள். பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டாள், கேட்டால் சந்தோஷப்படுவாள்.