வல்லிநாயகம் பெயரில் ஒரு மீனிங் பதக்கம்

சந்தனமும் சால்வையுமாய்ச் சபைக்குத் தலைமை தாங்கும் ஆதித்தன் அண்ணாச்சி அவர்களே! சாரலில் நனைந்தும் சலிக்காமல் வந்திருக்கும் சான்றோர்களே! சிவகிரியிலிருந்தும் ராயகிரியிலிருந்தும் வண்டி கட்டி வந்திருக்கும் வேளாண் பெருமக்களே! பிள்ளையை மடியிலும் பெருங்கனவை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லாரையும் வணங்குகிறேன்.

என்னை எதற்காக அழைத்தீர்கள்? ஆங்கில மீனிங் ஒப்பிக்கும் போட்டியில் முதலாவதாக வந்த பிள்ளைக்குப் பதக்கம் குத்திவிட அழைத்தீர்கள். அந்தப் பதக்கத்துக்கு, போன சாரலில் குற்றாலத்தில் மாண்டுபோன என் அண்ணன் வல்லிநாயகத்தின் பெயரை வைத்திருக்கிறீர்கள். அன்பினால் செய்தீர்கள், அறிவேன். அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சத்தான் ஐயா நான் மேடை ஏறினேன்.

என்ன அங்கே சலசலப்பு? "மொளகா மண்டிக்காரனுக்கு இங்கிலீசப் பத்தி என்ன தெரியும்" என்கிறீரா? ஒன்றும் தெரியாது! தெரிந்தவர்கள் செய்ததைத்தான் சொல்லப்போகிறேன், உட்காரும்.

மீனிங் படிப்பது எப்படி? கையைக் கட்டு. நெஞ்சை நிமிர்த்து. சொல்லைச் சொல், அது நவுனா, வெர்பா, அட்ஜெக்டிவா என்று சொல், பிறகு தமிழ் அர்த்தத்தைச் சொல். முதலில் பிடித்த வரிசை முறியாமல் மூச்சுவிடாமல் முடிக்கிறவனே முதல்வன்! நடுவில் ஒரு சொல்லைக் கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பான். மறுபடி முதல் சொல்லிலிருந்து வந்தால்தான் அது அவன் வாய்க்கு எட்டும். சீசன் வந்துவிட்டால் இந்தப் பிள்ளைகள் குற்றாலத்துப் பங்களா வாசல்களில் போய் நின்று ஒப்பிப்பார்கள். துரைமார் சிரித்துப் பிஸ்கோத்துக் கொடுப்பார்கள். நமக்குப் பெருமை பிடிபடாது. நாலாம் பாரம் படித்த என் அண்ணன் மகன் குற்றாலிங்கம் அதிலே மகா கெட்டிக்காரன்.

போன ஆனியில் அண்ணன் குடும்பத்தோடு அருவிக்குப் போனார். பாறை வழுக்கிற்று. பின்மண்டை பிளந்தது. இரத்தம் நிற்கவில்லை. மண்டபத்தில் கிடத்தினார்கள். கூப்பிடு தூரத்துப் பங்களாவில் ஒரு டாக்டர் துரை தங்கியிருந்தார். ஓட வேண்டாமா? ஓடி அவர் காலைப் பிடிக்க வேண்டாமா? அண்ணனின் மைத்துனர் நல்லக்கண்ணு நல்ல திடகாத்திரமானவர், கூடவே நின்றவர். அவர் ஓடவில்லை. என்ன சொன்னார் தெரியுமா?

"தொரைகிட்டப் போயி தமிழ்லயா பேச முடியும்? ஏலே குற்றாலிங்கம், நீதாம்லே இங்கிலீசு படிச்சவன். ஓடுலே!"

அங்கே நின்ற ஒருவரும் அதை மறுக்கவில்லை. பிள்ளை ஓடினான். பங்களாச் சமையற்காரர் ஏசுவடியான் பிறகு என்னிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

"பய மூச்சு வாங்க வந்தான் அண்ணாச்சி. தொரையக் கண்டதும் கையக் கட்டிக்கிட்டான். ஏபிள், அட்ஜெக்டிவ், வல்லமையுள்ள. ஆஸ்க், வெர்ப், கேள்னு ஆரம்பிச்சான். பிஸ்கோத்துக்கு வந்திருக்கான்னுல்லா நெனச்சோம்! கண்ணுல தண்ணி நின்னுச்சு. சாரல்ல நனஞ்சிருக்கான்னு நெனச்சேன். தொரையும் வெரி குட்னு சொல்லி, பிஸ்கோத்தக் கையில வச்சுட்டு உள்ள போயிட்டாரு."

விழு என்பதற்கு இங்கிலீஷ் அவனுக்குத் தெரியாதா? அப்பா தெரியாதா? இரத்தம் தெரியாதா? எல்லாம் தெரியும், பாவிகளா, எல்லாம் தெரியும்! எல்லாம் வரிசையில் பின்னால் நின்றன. அவை வாய்க்கு வருமுன்னே கதவு சாத்திவிட்டது.

போனவன் வரக்காணோமே என்று கடைசியில் நல்லக்கண்ணு தாமே ஓடிக் கதவை இடித்தார். "ஐயோ, எங்க அத்தான் சாகக் கெடக்காரு!" என்று அலறினார். தமிழில்தான் அலறினார். துரை காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தார், வாசலிலேயே பிஸ்கோத்தோடு நின்ற பிள்ளையும் பின்னாலேயே வந்தான். நாடியைப் பிடித்தார். பிடித்த கையை மெல்ல விட்டார். பிறகு குற்றாலிங்கத்தின் தோளைத் தொட்டு, நம் சீமையிலேயே தலை நரைத்த அந்த மனிதர், நல்ல தமிழில் கேட்டார்.

"எனக்குத் தமிழ் தெரியுமே, தம்பி. அப்பா விழுந்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாமே?"

யாரை நோவேன்? துரையையா? பிள்ளையையா? பிள்ளையைப் பிடித்துத் தள்ளிய நல்லக்கண்ணுவையா? மார்தட்டி மகிழ்ந்த நம் எல்லாரையுமா? நொந்துதான் என்ன, போன உயிர் வந்துவிடுமா?

அதோ, தூணோரம் தாயோடு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் குற்றாலிங்கம். திரும்பிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து! துரை அப்படிக் கேட்ட நாள் முதல் அவன் வாய் திறக்கவில்லை. "பசிக்குதாலே?" என்று தாய் கேட்டால் தமிழிலும் பதில் இல்லை. அவன் தாய் முப்பிடாதியம்மாள் மதினி இன்று காலையில் என்னிடம் சொன்னாள்: "தம்பி, அந்தப் பதக்கம் வேண்டாம்னு சொல்லிருங்க. அவரு பேரையும் மீனிங்கையும் சேத்து யாராவது சொன்னாலே எம்புள்ள காதப் பொத்துதான்."

போட்டியை நிறுத்துவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அடுத்த சாரலிலும் பங்களா வாசலில் பிள்ளைகள் கைகட்டி நிற்பார்கள். நாமும் பூரித்துப் போவோம். நடத்துங்கள். பதக்கத்தை வேறு யார் பெயரிலாவது கொடுங்கள். என் அண்ணன் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் மகனுக்குத் தகப்பன் பெயராக அது ஒன்றாவது மிஞ்சட்டும்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும் என் நன்றி. எல்லாரையும் கும்பிட்டுக்கொள்கிறேன். கை தட்டாதீர்கள் ஐயா, பிள்ளை காதைப் பொத்துகிறான்.