ஜெகதீஸ்வரி அக்காவின் கம்பளித் தொப்பி

தலைமை வகிக்கும் இராஜேந்திரன் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சங்கப் பெரியவர்களே, உடன்பிறந்தவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சுவர்ணா அக்கா, மழையோடு மழையாக லண்டனின் மிச்சம் பகுதியிலிருந்தும் கோலியர்ஸ் வுட்டிலிருந்தும் வந்து, நனைந்த குடைகளைக் காலடியில் வைத்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் ஜதுர்ஷிகா. சட்டன் நகருக்கு அப்பால் உள்ள சிறிய விலங்குப் பூங்கா ஒன்றில் மீர்கட்களைப் பராமரிப்பது என் வேலை. மறைந்த ஜெகதீஸ்வரி அக்காவும் நானும் ஒரே ஷிப்ட். இன்று வேலை முடிந்ததும் உடை மாற்றாமல் நேரே வந்துவிட்டேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய்விட்டார். கோபமில்லை. அக்கா இந்த மண்டபத்துக்கு வந்த நாட்களிலும் இப்படித்தானே நடந்தது!

எனக்கு முன் பேசிய ஐயா, மீர்கட்களைப் போல நம் சமூகமும் ஒற்றுமையாக வாழ வேண்டும் என்றார். கைதட்டினீர்கள். அக்கா இருந்திருந்தால் சிரித்திருப்பார். மீர்கட்களை அவர் அளவுக்கு நேசித்தவர் எவருமில்லை. ஆனால் அவற்றைப் பற்றி அவர் பொய் சொன்னதே இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மீர்கட், கீரி இனத்தைச் சேர்ந்த சின்ன உயிர். தென் ஆபிரிக்காவின் வறண்ட நிலம் அதன் சொந்த ஊர். காலையில் வளையை விட்டு வெளியே வந்ததும் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று வயிற்றை வெயிலுக்குக் காட்டும். கூட்டமாக வாழும். தாய் இரை தேடப் போனால் இன்னொன்று பட்டினி கிடந்து குட்டிகளைக் காக்கும். தேளின் கொடுக்கைக் கடித்து எறிந்துவிட்டுத்தான் குட்டிக்கு விளையாடக் கொடுக்கும். இவ்வளவும் உண்மை.

ஆனால் கூட்டத்துக்குத் தலைவி ஒருத்தி உண்டு. குட்டி போடும் உரிமை பெரும்பாலும் அவளுக்குத்தான். மகளோ தங்கையோ சினைப்பட்டால் கடித்துத் துரத்துவாள். துரத்தப்பட்டவள் தனியே அலைந்து மெலிவாள். சில நேரம் தலையைத் தாழ்த்திக்கொண்டு திரும்பி வந்து, துரத்தியவளின் குட்டிகளுக்கே பால் கொடுப்பாள். இதுவும் உண்மைதான். பார்வையாளர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று "எவ்வளவு அன்பான குடும்பம்!" என்று படமெடுக்கும்போது, அக்கா என் காதருகே சொல்வார்: "உள்ளுக்க நடக்கிறது உள்ளுக்க இருக்கிறவைக்குத்தான் தெரியும் பிள்ளை. எங்கட சங்கம் மாதிரித்தான்."

ஐயா நெளிகிறார். மன்னிக்க வேண்டும் ஐயா, அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

மீர்கட்கள் தம் ஆளை மணத்தால் அறியும். சில வாரம் பிரிந்திருந்தால் கூட்டத்து மணம் போய்விடும். திரும்பி வருபவளை அந்நியம் என்று நினைத்துக் கடித்துக் குதறிவிடும். நாம் எதனால் நம் ஆளை அறிகிறோம்? பொங்கல் விழாவில் சமையலுக்கு உதவ வந்த அக்காவிடம் இந்த மண்டபத்தின் வாசலில், என் முன்னாலேயே ஒருவர் சொன்னார்: "ஜெகதீசு, குறை நினையாதேங்கோ. ஆக்கள் சாப்பிடுற இடம். உங்களில அந்த மணம் கிடக்கு." சொன்னவரும் இங்கே இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அக்காவும் சொல்லியதில்லை. "பரவாயில்லையடி, பஸ்ஸில எனக்கு எப்பவும் ரெண்டு சீற்" என்றுதான் சிரித்தார். ஆனால் அடுத்த பொங்கலுக்கு அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. இன்று வாசலில் அவருடைய படம், மாலை, "சமூகத்தின் பெருமை" என்ற வாசகம்! எந்தச் சமூகம்? எப்போதிருந்து?

ராங்கி என்று ஒரு மீர்கட் இருக்கிறாள். பெயர் வைத்தவர் அக்காதான். எவருக்கும் அடங்காத ராங்கிக்காரி. குளிர்காலத்தில் அவள் கால் உடைந்தது. விலங்கு மருத்துவர் அறுவைச் சிகிச்சை செய்து காலைக் காப்பாற்றினார். பிறகு தனிக்கூட்டில் வைத்தோம். கூட்டத்தோடு திரும்பச் சேர்ப்பதற்கு அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. காலையில் தன் பழைய மேலங்கியையும் கம்பளித் தொப்பியையும் போட்டுக்கொண்டு கூட்டத்தின் நடுவே மணலில் உட்காருவார். அவை மேலேறும், கழுத்தைச் சுற்றும், தொப்பியைப் பிறாண்டும். பிறகு எழுந்து அப்படியே ராங்கியின் கூட்டுக்குப் போவார். கூட்டத்தின் மணம் அக்காவோடு போகும். ராங்கி அவர் மடியில் ஏறி இருந்துதான் சாப்பிடுவாள். நாளுக்கு நாள் இதே வேலை. அந்த மேலங்கியை அவர் துவைத்ததே இல்லை. துவைத்தால் எல்லாம் முதலிலிருந்து.

ஒரு நாள் அந்த மணலிலேயே சரிந்து விழுந்தார். மேலங்கியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். தொப்பியோடு போனார். திரும்பி வரவில்லை.

மேலங்கியை மற்றப் பொருட்களோடு அவருடைய வீட்டில் கொடுத்துவிட்டேன். ராங்கி சாப்பாட்டை நிறுத்தினாள். கூட்டத்தின் படுக்கையில் போட்டெடுத்த துணிகளைக் கொண்டுபோனேன். முகர்ந்தாள். நான் தின்னக் கொடுத்த புழுவைத் தொடவில்லை. மருத்துவரும் குழாயால் ஊட்டி, முடிந்ததெல்லாம் செய்து பார்த்தார். அக்காவின் மேலங்கி வேண்டும் என்று மிச்சம் பகுதியில் உள்ள அவருடைய வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் எட்டுச் செலவு, இறந்த எட்டாம் நாள் சடங்கு. ஆட்கள் வருவார்கள் என்று வீடு முழுவதும் கழுவப்பட்டிருந்தது. திரைச்சீலைகூடக் கழுவியாயிற்று. சுவர்ணா அக்கா, நான் சொல்லலாம்தானே? தலையாட்டுகிறார். நன்றி.

"சுவர்ணா அக்கா, அந்த ஜாக்கெற் எங்க?"

"மெஷினுக்க சுத்துது. ரெண்டாந்தரம் போட்டிருக்கிறன். அந்த மணம் போகுதில்லையடி."

"ஐயோ, நிப்பாட்டுங்கோ!"

"ஏன் பிள்ளை? நாளைக்கு ஆக்கள் வருவினம். மணக்குது எண்டு அவளைச் செத்த பிறகும் கதைப்பினமெல்லே. என்னால அதைக் கேக்க ஏலாது."

நான் நின்ற இடத்திலேயே அழுதேன். இழவு வீட்டை வேறு எப்படி வைத்திருப்பார்கள்? அக்காவின் மானத்தைக் காப்பதாக நினைத்துத்தான் அக்காவின் கடைசி மணத்தையும் கழுவிவிட்டார். இந்தப் பயத்தை அந்த வீட்டுக்குள் யார் கொண்டுபோய் வைத்தார்கள் என்று ஒவ்வொருவரும் யோசியுங்கள். ஈர மேலங்கியைக் கொண்டுபோய் ராங்கிக்குக் காட்டினேன். சோப் வாசனை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எட்டுச் செலவு முடிந்த மறுநாள், மழைக்கோட்டோடு ஒருவர் பூங்கா வாசலில் நின்றார். சுவர்ணா அக்கா! ட்ராமும் பஸ்ஸும் மாறி வந்திருந்தார். அத்தனை வருடமும் தமக்கை வேலை செய்த இடத்தை எட்டிப் பார்க்காதவர். கையில் ஆஸ்பத்திரி கொடுத்த பிளாஸ்டிக் பை. அதைத் திறக்க மனம் வராமல் கட்டிய முடிச்சோடு அலுமாரிக்குள் வைத்திருந்தாராம். உள்ளே தொப்பி இருந்தது. கழுவாத தொப்பி.

"நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்டார்.

"போட்டுக்கொண்டு கீழ இருங்கோ. வேறொண்டும் வேண்டாம்."

ராங்கியின் கூட்டுக்குள் கறுப்புச் சேலையோடு மணலில் உட்கார்ந்தார். தொப்பி கண்வரை இறங்கியது. ராங்கி தூரத்தில் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காலில் ஏறினாள். தோளில் ஏறினாள். தொப்பிக்குள் மூக்கைப் புதைத்தாள். நெடுநேரம் அசையவில்லை. சுவர்ணா அக்காவும் அசையவில்லை. பிறகு ராங்கி இறங்கி, அவர் உள்ளங்கையிலிருந்த புழுவை எடுத்துத் தின்றாள்.

"அவளின்ர தலைமணமடி இது," என்றார் சுவர்ணா அக்கா. "சின்னனில ஒரே பாயில படுத்த நாங்கள். எனக்கு மறந்து போச்சுது."

அதன் பிறகு அவர் எல்லா நாளும் வருகிறார். முதலில் கூட்டத்தின் நடுவே இருக்கிறார், பிறகு ராங்கியிடம் போகிறார். தொப்பியில் அக்காவின் மணம் குறைந்துகொண்டு வருகிறது. தெரிகிறது. 

நேரமாகிவிட்டது என்று ஐயா கையைக் காட்டுகிறார். ஓம் ஐயா, முடிக்கிறன்.

மீர்கட் கூட்டத்தில் ஒன்று மேட்டில் ஏறிக் காவல் நிற்கும். மற்றவை தலையை மண்ணுக்குள் விட்டு இரை தோண்டும். காவல் நிற்பது சும்மா நிற்பதில்லை. மெல்லிய குரலில் விட்டுவிட்டு ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் கேட்கும்வரை மற்றவை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. நான் குனிந்து கூடு கூட்டும்போது அக்கா மறுமுனையிலிருந்து இடைக்கிடை சொல்வார்: "நிக்கிறன்."

"தெரியுமக்கா. ஏன் சும்மா சும்மா சொல்லுறியள்?"

"சொல்லாட்டி நீ போனைப் பாப்பாய், கள்ளி."

இப்போது குனிந்து கூட்டுகிறேன். குரல் இல்லை. ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்க்கிறேன். வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. போனைப் பார்ப்பதற்காக அல்ல. அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் கொடுப்பேன்!

அக்காவின் இடத்துக்கு ஆள் எடுக்கப் போவதில்லை என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது. அதை எதிர்த்துச் சண்டை பிடிப்பேன். உங்கள் கையெழுத்தும் வேண்டும். மாலை போட்ட கைகளிடம் அதைக் கேட்கிறேன்.

நாளை காலை ராங்கியின் வலைக்கதவைத் திறக்கப் போகிறோம். கூட்டம் அவளை ஏற்குமா? தெரியாது. தலைவி கடிக்கலாம். கடித்தால் பிரித்தெடுத்து, தொப்பியோடு திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவோம். சுவர்ணா அக்கா ஒரு பக்கம், நான் மறுபக்கம். வேலை நடக்கும். யாரும் தனிக்கூட்டில் விடப்பட மாட்டார்கள். இது எங்கள் வாக்கு.

ஜெகதீஸ்வரி அக்கா, நீங்கள் இனிக் குனிந்தே இருங்கோ. நிமிர்ந்து பாக்கத் தேவையில்லை.

நிக்கிறம்.