வாயில் தாண்டும் நாளில் பைலிச்சேட்டனுக்கு

நெல்லிமலை மறுவாழ்வு இல்லத்தின் நெடுநாள் தங்கல் பிரிவை நெறி பிறழாது நடத்திய நெஞ்சுரமே! குரலை உயர்த்தாமலே கூடத்தைக் கட்டியாண்ட கண்டிப்பே! நடுங்கும் கையோடு வந்தவருக்குக் காலைக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்து, கிண்ணம் சிந்தாத நாள் வரும்வரை பக்கத்திலேயே அமர்ந்திருந்த பொறுமையே! கண்காணிப்பாளர் திரு. பைலி அவர்களே! தங்களோடு உண்டு, தங்களிடம் திட்டு வாங்கி, தங்களால் தொழில் கற்ற பணியாளர்களாகிய நாங்கள், தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில் பணிவோடு படித்தளிக்கும் மடல் இது.

மரபுப்படி இங்கே தங்கள் புகழை அடுக்க வேண்டும். மிகைச்சொல் காதில் விழுந்தால் தாங்கள் இருமத் தொடங்குவீர்கள் என்பதை இந்தக் கூடம் அறியும். எனவே நடந்ததை மட்டும் சொல்கிறோம். அதையும் தங்களை நோக்கியே சொல்லிக்கொண்டு போனால் பாதியில் எழுந்து திருத்துவீர்கள்; ஆதலால் சற்று நேரம் தங்களைப் பைலிச்சேட்டன் என்றும் அவர் என்றும் குறிப்பிட இசைவு வேண்டுகிறோம். இசைவு தராவிட்டாலும் அப்படியே படிப்போம்.

மும்முறை வந்து மும்முறை மீண்டவரே!

பைலிச்சேட்டன் இந்த இல்லத்துக்கு முதலில் வந்தது வேலைக்கு அன்று. மலைப்பாதையில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவரை, குடித்து ஓட்டி உரிமம் பறிபோன மறுவாரம், மைத்துனர்கள் இருவர் ஜீப்பில் தூக்கி வந்து வாயிலில் இறக்கினார்கள். மூன்று வாரத்தில் நடுக்கம் நின்றது, பசி எடுத்தது, மழித்த முகத்தில் நிறம் ஏறியது. குணமாகிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மாதமே குடித்தார். இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை வீடு போய்ச் சேரும்வரைகூடப் பொறுக்கவில்லை. குறுகிய தங்கலின் குறை மருந்தில் இல்லை. மருந்து தன் வேலையை முடித்துக்கொள்ளும் இடத்தில்தான் மனிதனின் வேலை தொடங்குகிறது. சரியாக அந்த இடத்தில் அவனைச் சாலையில் இறக்கிவிடுகிறோம்.

நான்காம் முறை அவரைக் கொண்டுவந்து விட ஆள் இல்லை. மனைவி ஏலியாம்மா இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. மகள் ஜான்சி சித்தி வீட்டில் வளர்ந்தாள். தாமே மழையில் நடந்து வந்து வாயிலில் நின்றவரிடம், அந்நாளில் பொறுப்பிலிருந்த மருத்துவர், தங்கினால் ஒன்பது மாதம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார்.

"ஒன்பது மாசமா? நான் என்ன புள்ளையா பெத்துக்கப் போறேன்?"

"ஆமாய்யா. மூணு குறைப்பிரசவம் பாத்தாச்சு. இந்தத் தடவையாவது முழுசா வெளிய வா."

முதல் மூன்று மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உண்டார், உறங்கினார், சண்டையிட்டார், கழிவறை கழுவினார். குடியில்லாத நான்காம் மாதம் எப்படி இருக்கும் என்பதை அவர் மீசை முளைத்த நாள்முதல் பார்த்ததே இல்லை. ஒரு பிற்பகல் சமையலறையில் கப்பைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்தார். கிழங்கு வெந்த பிறகே மஞ்சள் போட வேண்டும் என்று ஏலியாம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. அவள் இல்லை என்பதும் அப்போதுதான் வந்தது. அடக்கத்தன்று அவர் கல்லறையருகே நின்றார், மண் அள்ளிப் போட்டார் என்று, போதை தெளிந்த பிறகு பிறர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். இறந்து இரண்டு ஆண்டான மனைவிக்காக அன்றுதான் முதன்முதலாக அழுதார். ஒரு வாரம் ஓயவில்லை. உடன் தங்கியிருந்தவர்கள் முறை வைத்து அருகில் இருந்தார்கள். குடி அமுக்கி வைத்தது எதுவோ அது குடி நின்றதும் வெளியே வரும். உடனே வராது, தனக்கு வசதியான மாதத்தில் வரும். அந்தப் பிற்பகல் வீட்டில் தனியே இருந்தபோது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு.

"நேரா கடைக்குத்தான். வேற எங்க போவேன்?" என்பார் பைலிச்சேட்டன்.

ஒன்பது மாதம் முடிந்ததும் வாயிலோரத்து அறையில் காவல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். காவலர் கண்காணிப்பாளர் ஆனார். இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

ஊர் நகைத்தும் ஒழியாத ஒழுங்கே!

ஏழாம் மாதத்தில் ஒவ்வொருவரும் வாயிலுக்கு வெளியே நடக்க வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தியவர் அவரே. குன்றிறங்கி, கள்ளுக்கடையைக் கடந்து, சந்திப்பில் ஒரு தேநீர் குடித்து, ஒரு சோப்பு வாங்கித் திரும்ப வேண்டும். சந்திப்புக்கு வேறு வழியும் உண்டு. அதில் போகக் கூடாது. ஒருவர் முன்னால், ஒருவர் பக்கத்தில். நடப்பவரின் ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மீன்கறி மணமும் புளித்த கள்ளின் நெடியும் சேர்ந்து வரும் அந்த வளைவில் கால் தானாகத் திரும்பினால், "கையப் பிடி" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் வருபவர் பிடிக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. அறிவுரை சொல்லக் கூடாது. பிறகு அதைப் பற்றிப் பேசவும் கூடாது.

வயது வந்த ஆண்கள் கைகோத்து நடப்பதைக் கடைவாசலில் இருப்பவர்கள் சும்மா விடுவார்களா?

"பைலிச்சேட்டா, இன்னிக்கு எத்தன கன்னுக்குட்டிய ஓட்டிட்டு வந்தீங்க?"

"ரெண்டுதான். கயிறு மிச்சம் இருக்கு. வர்றியா?"

இந்த நடையை விளையாட்டாக எண்ணிய எங்களில் சிலருக்கு அதன் பொருளைக் கற்பித்தவர் பிரசன்னன். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், நிதானமானவர், நாளிதழின் பிழைகளைச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தவர். நெடுநாள் தங்கலுக்கு ஒப்புக்கொண்டு வந்த அவரை, மூன்று வாரம் முடிந்ததும், ஓணத்துக்கு முன்பாக, மனைவியின் அண்ணன் காரோடு வந்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

"மச்சான் கன்னத்தப் பாருங்க, எப்படி மினுமினுன்னு இருக்கு! இதுக்கு மேல என்ன குணமாகணும்?"

"குடிக்கிறது கன்னமா?" என்றார் பைலிச்சேட்டன்.

"அதில்ல சேட்டா. வீட்டுல ஓணத்துக்கு இலை போடுறப்ப வீட்டுக்காரன் இல்லன்னா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? என் தங்கச்சி எங்க போய் முகத்த வெச்சுக்குவா?"

"இந்த ஓணத்துக்கு ஒரு இலை கொறையட்டும். நான் கெஞ்சிக் கேக்குறேன். உங்க மச்சான் இப்பத்தான் தூங்கவே ஆரம்பிச்சிருக்காரு. இன்னும் அவருக்குக் கோபம் வரல, அழுகை வரல. அதெல்லாம் வர்ற நேரத்துல ஆள் வேணும்."

"அதுக்கு நாங்க இல்லையா?"

பிரசன்னன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டு ஆசை முகத்தில் தெரிந்தது. அது நோயின் ஆசையா மனிதனின் ஆசையா என்று அவரால் அப்போது பிரித்தறிய இயலாது. மூன்றாம் வாரத்தில் யாராலும் இயலாது. நன்றாக இருப்பதாகவே நம்பினார். எல்லோரிடமும் கை குலுக்கிப் போனார். திருவோணத்துக்கு மறுநாள் கால்வாயில் கிடைத்தார். உடலை வீட்டு வாசலில் கிடத்தியபோது பூக்கோலம் வாடியிருக்கவில்லை என்றும், அதைச் சுற்றிக்கொண்டுதான் தூக்கிப் போனார்கள் என்றும் அடக்கத்துக்குப் போன செவிலியர் தாமோதரன் சொன்னார். வெளியே கூட்டிப்போன மைத்துனரைப் பைலிச்சேட்டன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பக்கத்தில் போய் அமர்ந்திருந்தார்.

அன்று மாலை சந்திப்பில் பேருந்தைவிட்டு இறங்கி அவரும் தாமோதரனும் குன்றேறினார்கள். வளைவு வந்தது.

"தாமோதரா, கையப் பிடி."

தாமோதரன் பின்னால் திரும்பிப் பார்த்தார். "யாரு கையச் சேட்டா? நம்மகூட யாரும் வரலையே."

"என் கையத்தான்டா."

தாமோதரன் பிடித்தார். விதிப்படி ஏன் என்று கேட்கவில்லை. வாயில் வந்து சேர்ந்த பிறகே அவருக்கு விளங்கியது. எங்களுக்கும் அதன் பின்னரே. முடிவெட்டிக்கொள்ள, பல் பிடுங்க, ஞாயிறு பூசைக்கு என எதற்கானாலும், அத்தனை ஆண்டுகளில் பைலிச்சேட்டன் அந்த வாயிலை ஒருமுறையும் தனியாகத் தாண்டியதில்லை. எப்போதும் ஓர் ஏழாம் மாதக்காரர் பக்கத்தில் இருந்தார். அவர்களுக்கு இவர் துணை என்று நாங்கள் கணித்திருந்தோம். கணக்கில் பாதிதான் சரி.

ஒட்டிக்கொள்ள மறுத்த உறுதியே!

ஒன்பது மாதம் தங்கியோர் அனைவரும் பிழைத்தனர் என்று இம்மடலில் எழுதமாட்டோம். அப்படிச் சொல்லப் பைலிச்சேட்டன் எங்களை விட்டதில்லை. முழுக்காலமும் இருந்து போய் மீண்டும் விழுந்தவர்களும் உளர். சிலரை எரித்தோம், சிலரைப் புதைத்தோம். ஆயினும் விழுந்த பிறகு வழி தெரிந்து திரும்பி வந்தவர்கள், பெரும்பாலும் நெடுநாள் இருந்தவர்களே. மாலை ஐந்து மணியை எப்படிக் கடப்பது, கடன்காரனை எப்படி எதிர்கொள்வது, பண்டிகையை எப்படித் தாங்குவது, பிள்ளையின் வெறுப்பை எப்படிக் குனிந்து வாங்கிக்கொள்வது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பழகிப் பார்க்க அவர்களுக்கு அவகாசம் இருந்தது. அவகாசம் ஒன்றுதான் இந்த இல்லம் தரும் மருந்து. அதை இன்னும் நாங்கள் குடும்பங்களிடம் மன்றாடித்தான் விற்க வேண்டியிருக்கிறது.

பணி நிறைவு நெருங்கியபோது, வாயிலோரத்து அறையிலேயே கடைசிவரை இருந்துவிடுங்கள் என்று எங்களில் சிலர் பைலிச்சேட்டனிடம் சொன்னோம்.

"ஒன்பது மாசம் முடிஞ்சு, போகமாட்டேன்னு இந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுத ஒவ்வொருத்தன்கிட்டயும் நான் என்ன சொன்னேன்? இது போறதுக்கான வீடுடான்னு சொன்னேன். இப்ப நானே கம்பியப் பிடிச்சுக்கிட்டா?"

அதன்பின் மகள் ஜான்சி வந்தார். பல ஆண்டுகள் தந்தையைப் பார்க்க மறுத்தவர். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை வந்து, அரைமணி நேரம் மட்டும் அமர்ந்து போனவர். பார்வையாளர் அறையில் தேநீரோடு நின்ற எங்கள் காதில் விழுந்ததை, இருவரின் இசைவோடும் இங்கே படிக்கிறோம்.

"மாடி ரூம் தயாரா இருக்கு, அப்பச்சா. கட்டில் போட்டாச்சு."

"உங்க தெருவுல குடிக்கிற கடை இருக்கா?"

"முக்குல ஒண்ணு இருக்கு. எதுக்கு?"

"நான் இத்தன வருஷமா தனியா வெளிய போனதில்ல, மோளே."

ஜான்சி கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னுமா? இருபத்தேழு வருஷம் கழிச்சுமா?"

"இன்னும்தான். அப்படிப் போகாததாலதான் இருபத்தேழு வருஷம்."

"சின்ன வயசுல மூணு தடவ எனக்குத் தலை பின்னி, புதுச்சட்டை போட்டு, வாசப்படியில உக்கார வெச்சாங்க. அப்பச்சன் குணமாகி வர்றாருன்னாங்க. மூணு தடவையும் நம்பினேன். இப்ப நாலாவது தடவையும் நம்பச் சொல்றீங்களா?"

பைலிச்சேட்டனின் கையில் தேநீர் ஆடியது. காலைக் கஞ்சி நேரத்தில் அத்தனை பேரின் கைகளைப் பார்த்துப் பழகியவர், தம் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நம்ப வேண்டாம். கூட நட. அது போதும்."

ஜான்சி எழுந்து போனார். அன்றிரவு பைலிச்சேட்டன் உண்ணவில்லை. மறு ஞாயிறு ஜான்சி மீண்டும் வந்தார். தந்தையைப் பார்க்கவில்லை, தாமோதரனிடம் போய், "அந்த நடை எப்படின்னு எனக்குக் கத்துக்குடுங்க" என்றார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஏழாம் மாதக்காரர்களோடு குன்றிறங்கினார். ஒருநாள் வளைவில் ஒருவர் கையைப் பிடிக்கச் சொன்னபோது, ஜான்சி பிடித்தார். ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து கிணற்றடியில் நெடுநேரம் முகம் கழுவினார்.

எங்கள் அன்புக்குரியவரே!

மீண்டும் தங்களை நோக்கியே பேசுகிறோம். அன்று எழுந்து போன மகள் எங்கே என்று ஞாயிறுதோறும் தாங்கள் எங்களைக் கேட்டீர்கள். ஊருக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னோம். பொய். பொறுத்தருள்க.

இன்றொரு நாள் கள்ளுக்கடையைச் சாத்தி வைக்கச் சொல்லலாமா என்றும் ஆலோசித்தோம். தெரிந்தால் திட்டுவீர்கள் என்று விட்டுவிட்டோம். கடை திறந்தே இருக்கிறது.

நோயின்றி நூறாண்டு வாழ்க என்று முடிப்பது மடல்களின் வழக்கம். நூறாண்டு என்றதும் தாங்கள் இருமுவீர்கள். எனவே அளவோடு வாழ்த்துகிறோம். இன்று இந்தக் குன்றை இறங்குக! அந்த வளைவைக் கடக்க! சந்திப்பில் சூடாக ஒரு தேநீர் அருந்திப் பேருந்து ஏறுக! நாளை மகளின் தெருமுனையையும் அவ்வாறே கடக்க! எஞ்சிய ஆண்டுகள் அதன் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்க!

பெட்டி முன்னரே போய்விட்டது. முன்னால் தாமோதரன் நடப்பார், பக்கத்தில் ஜான்சி. படித்து முடித்த மடலைச் சட்டமிட்டுக் கண்ணாடியோடு கையில் தருவது முறை. தங்களுக்கு அதைத் தரப்போவதில்லை. தாமோதரன் சுமந்து வருவார். பூமாலையும் பொன்னாடையும்கூட அவரிடமே இருக்கும். தங்கள் கை காலியாக இருக்கட்டும்.

வாயில்வரை உடன் வரும்,
நெல்லிமலை மறுவாழ்வு இல்லப் பணியாளர்கள்