அண்ணன்ர கோப்பை

— இறங்கு மனே. இறங்கித் திரும்ப ஏறு.

— திரும்ப ஏறினாப்போல குறையவோ போகுது, மாஸ்டர்?

— கதைக்காம ஏறு. இது என்ட வாப்பா நெல்லு மூட்டை நிறுத்த தராசு. ஒரு நாளும் பிழைச்சதில்ல. பாரு, போன கிழமையை விடக் கூடியிரிக்கி.

— கூடவோ?

— கூடத்தான். தவராசா, இந்தத் துறைமுகத்து ஆக்கள் எத்தனை பேருக்கு நான் உடம்பு மெலியப் பழக்கியிரிக்கன்! மூட்டை தூக்கிறவன், கந்தோர்ல குந்திக்கிட்டு இரிக்கிறவன், கலியாணம் பேசின மாப்பிள்ளை. ஒருத்தனும் ஒன்னைப் போல எனக்கு வெக்கக்கேடு தரல்ல. விடிய ஓடுற, பின்னேரம் பாரம் தூக்குற, கிழமைக்குக் கிழமை ஊதுற. எங்க திண்ட? ஸஹாப்தீன்ட கொத்துரொட்டிக் கடையிலயா?

— அம்மாவாணை அந்தப் பக்கமே போறேல்ல. நீங்கள் வேற ஏசாதேங்கோ, மாஸ்டர். நேற்றும் ஆமிச் சென்றியில மறிச்சவங்கள். வேலைப் பாஸில இருக்கிற படத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், கன்னத்தை ஊதிக் காட்டிச் சிரிக்கிறான். பிறகு சார்ஜன் வந்து, இந்த மாதம் முடியுமட்டும்தான் விடுவனெண்டு சொல்லிப்போட்டான். அதுக்குப் பிறகு படத்தில இருக்கிற ஆள் வந்தாத்தான் சீனன்குடா வேலைக்கு உள்ளுக்கு விடுவானாம்.

— அப்ப புதுப் படம் பிடிச்சு, புதுப் பாஸ் எடுக்கிறதுதானே?

— புதுப் பாஸெண்டா முதல்ல இருந்து விசாரிப்பாங்கள். வீட்டில எத்தனை ஆம்பிளை, மூத்தவன் எங்க எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? அண்ணன் இயக்கத்துக்குப் போனதெண்டோ? வேலையும் போய், ஆளும் போயிடும். அந்தப் படத்தைப்போல மெலியிறதை விட்டா வேற வழியில்லை. இண்டையில இருந்து மத்தியானச் சாப்பாட்டை நிப்பாட்டப்போறன்.

— நிப்பாட்டுவ, நிப்பாட்டுவ! அதுக்கு நான் எதுக்கு? கேள் மனே, பட்டினி போட்ட உடம்பு இனிக் கப்பல் வராதெண்டு கேள்விப்பட்ட கடைக்காரன் மாதிரி. கிடைக்கிறதையெல்லாம் உள்ளுக்கு ஒளிச்சு வச்சிரும். வயிறாரத் தின்னணும், ஆனா எதைத் தின்னுறமெண்டு பாத்துத் தின்னணும். நேத்துத் திண்டதை ஒண்டும் விடாமச் சொல்லு.

— காலமை ரெண்டு துண்டுப் பாண், கொஞ்சம் சம்பல். மத்தியானம் என்ர கோப்பையில ஒரு பிடி சோறு, முருங்கையிலை வறை, கீரிமீன். பின்னேரம் சீனியில்லாத பிளேன்ரீ. இரவைக்கு என்ர கோப்பையில அரைவாசிச் சோறு, சொதி.

— பொரியல்?

— என்ர கோப்பையில பொரியலே இல்லை, மாஸ்டர்.

— நில்லு. என்ர கோப்பை, என்ர கோப்பை எண்டே சொல்லிக்கிட்டு இரிக்காய். வேற ஆர்ட கோப்பையிலடா கை வைக்கிற?

— அப்பிடி ஒண்டுமில்லை.

— முகத்தை ஏன் அந்தப் பக்கம் திருப்புற? நான் சென்றிக்காரன் இல்ல. ஒளிச்சுத் திண்டா அதுக்கும் ஒரு காரணம் இரிக்கும். சொல்லு.

— அண்ணன்ர கோப்பை, மாஸ்டர்.

— ஆர், இராசதுரையா? அவன் வீட்ட வாறவனா?

— முந்தி ரெண்டு தரம் இருட்டோட வந்து சாப்பிட்டிட்டுப் போனவர். அதில இருந்து அம்மா ஒவ்வொரு இரவும் அவருக்கெண்டு ஒரு கோப்பையில சோறு போட்டு மூடி வைப்பா. மீனில நடுத்துண்டு, பொரிச்ச கத்தரிக்காய், அப்பளம், எல்லாம் நிறைய. அவர் வராட்டி விடியக் காகத்துக்குப் போடுவா. பங்குனியில வெருகல் பக்கமிருந்து ஒருத்தர் வந்து என்னைச் சந்தியில கண்டு சொன்னவர்.

— என்ன சொன்னவர்?

— அண்ணன் இல்லையாம். மாசியிலயே முடிஞ்சுதாம்.

— இன்னா லில்லாஹி... தவராசா! ஏழு மாசமா இதை நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டா இஞ்ச வந்து பாரம் தூக்கின?

— அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது? நாலு நாளா எனக்கு ஒண்டும் தொண்டைக்குள்ள இறங்கேல்ல. அஞ்சாம் நாள் விடிய எழும்பிக் குசினிக்குப் போனா, அவரின்ர கோப்பை மூடினபடி கிடக்குது. காகம் தின்னப் பார்த்துக்கொண்டு நிக்க ஏலாமக் கிடந்தது. நானே இருந்து முழுக்கச் சாப்பிட்டன். அழுது அழுது சாப்பிட்டன், மாஸ்டர். பிறகு அம்மா வந்து வெறுங்கோப்பையைக் கண்டிட்டு, "அட, வந்திட்டுப் போயிருக்கிறான்" எண்டு சிரிச்சா. அந்தச் சிரிப்பை நான் எப்பிடி நிப்பாட்டுறது?

— அதால ஒவ்வொரு நாளும்...

— ஒவ்வொரு நாளும் விடிய. ஒரு நாள் விட்டுப் பார்த்தன். கோப்பை நிறைஞ்சு கிடந்தது. அண்டைக்கு முழுக்க அம்மா என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தா, ஒண்டும் சாப்பிடேல்ல.

— நீ கழிச்சு ஊத்தலாமே மனே, நாய்க்குப் போடலாமே?

— அண்ணன்ர சோத்தையோ?

— இல்ல, இல்ல. நான் சொன்னது பிழை. மாப்புச் செய். நான் ஒன்ட உம்மாவைக் கண்டு கதைக்கிறன்.

— ஐயோ, சொல்லிப்போடாதேங்கோ! அவ தாங்கமாட்டா. ஏற்கெனவே முழங்கால் நோவெண்டு கிடக்கிறா. வெள்ளிக்கிழமை தவறாமக் கோயிலுக்குப் போறவ, இப்ப படலைக்கு வெளியில காலெடுத்து வைக்கிறேல்ல.

— அல்லாஹ் அறிய மூத்தவனைப் பத்தி வாய் திறக்கமாட்டன். எண்ணெயையும் தேங்காயையும் பத்தி மட்டும் கதைப்பன். அது என்ட தொழில்.

*

— வாங்கோ மாஸ்டர் தம்பி, கதிரையில இருங்கோ. தவராசா வேலைக்குப் போட்டான்.

— தெரியும் புஸ்பராணி அக்கா. ஒங்களைக் காணத்தான் வந்தன். இவன்ட உடம்பு விசயம். ஒங்கட கறியளுக்குக் கொஞ்சம் தேங்காய்ப்பால் குறைச்சா நல்லம்.

— குறைச்சிட்டனே. அவன்ர கோப்பையில என்ன கிடக்குது, தம்பி? கோழிக்குஞ்சு கொத்துற அளவு.

— ஓம், ஓம். பொரியலும்...

— அவனுக்குப் பொரியல் வைச்சு மாசக்கணக்காப் போச்சு.

— இல்ல அக்கா, நான் சொல்றது பொதுவா வீட்டுச் சமையலை. எல்லாக் கோப்பையிலயும். இப்ப ஒரு ஆளுக்கெண்டு நடுத்துண்டு பொரிச்சு, அப்பளமும் வச்சு...

— தம்பி.

— சொல்லுங்க அக்கா.

— நடுத்துண்டும் அப்பளமும் நான் ஒரு கோப்பையிலதான் வைக்கிறனான். அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— அது... அக்கா, நான்...

— வேர்க்குது, இந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கோ. சீனி போடேல்ல, பயப்பிடாதேங்கோ. சுத்தி வளைக்காமச் சொல்லுங்கோ: மூத்தவன்ர கோப்பையில என்ன வைச்சா இளையவன் மெலிவான்?

— அல்லாவே! அப்ப அவன் தின்னுறது ஒங்களுக்குத் தெரியும்?

— முதல் நாளே தெரியும். நாலு நாளாப் பச்சைத்தண்ணியும் வாயில வைக்காமக் கிடந்தவன். கண்ணெல்லாம் உள்ளுக்குப் போட்டுது. கெஞ்சினன், ஏசினன், அழுதன், ஒண்டுக்கும் மசியேல்ல. அஞ்சாம் நாள் பார்த்தா கோப்பை வெறுங்கோப்பை. இவன்ர மீசையில சொதி. எனக்குச் சிரிப்பு வராம என்ன செய்யும், தம்பி? பிள்ளை சாப்பிட்டிட்டான் எண்டு சிரிச்சன்.

— அதை அவன்...

— அவன் வேற என்னவோ நினைச்சுக்கொண்டான். நினைக்கட்டும். என்ர கையால குடுத்தா "போதும் அம்மா" எண்டுவான். தமையன்ர கோப்பை எண்டா மிச்சம் வைக்கமாட்டான். அதுதான் விட்டிட்டன். இடையில ஒரு நாள் கோப்பை அப்பிடியே கிடந்தது. திரும்பவும் தொடங்கிட்டானோ எண்டு பயந்து நான் செத்துப்போனன்.

— அக்கா, நான் ஆக்களை மெலிய வைக்கிறவன். ஒரு உடம்பு எதுக்காகக் கொழுத்திச்செண்டு அறிஞ்சு எனக்குக் கண் கலங்கினது இண்டைக்குத்தான்.

— கண்ணைத் துடையுங்கோ. அந்தப் பாஸ் விசயம் எனக்கும் தெரியும். என்ன வைக்கட்டும்?

— வெள்ளைச் சோத்துக்குப் பதிலா குரக்கன் புட்டு, கொஞ்சமா. மீன் நடுத்துண்டே வையுங்க, ஆனா பொரிக்காம, புளி விட்டு அவிச்சு. கத்தரிக்காய்க்குக் கீரை. அப்பளம் வேணாம். கோப்பையையும் கொஞ்சம் சின்னதா...

— கோப்பையை மாத்த ஏலாது. அது அவன்ர.

— சரி, கோப்பை கிடக்கட்டும். இதை ஒழுங்கா வச்சா மாதம் முடிய முதல் கன்னம் வத்திரும். படத்துக்கு முழுசாச் சரிவராட்டியும் சிரிச்சுக்கிட்டு விடுவானுகள். அவன் கேட்டா என்ன சொல்லுவீங்க?

— மூத்தவனுக்கு இப்ப எண்ணெய் ஒத்துக்கொள்ளுறேல்லையாம் எண்டு சொல்லுவன். நீங்கள் வந்ததை மட்டும் அவனிட்டச் சொல்லாதேங்கோ.

— சொல்லமாட்டன். ஓ, மறந்துட்டன் அக்கா, எழும்ப முதல் ஒங்கட முழங்காலையும் ஒருக்காப் பாக்கணும். இரிந்தபடி காலை நீட்டி மடக்கிற சின்னப் பயிற்சி ஒண்டு இரிக்கி. செஞ்சா வாற வெள்ளிக்கிழமைக்கே கோயிலுக்கு நடந்து போவீங்க.

— முழங்காலுக்கு ஒண்டுமில்லைத் தம்பி. செத்த வீட்டுக்காரர் வருசம் திரும்புமட்டும் கோயிலுக்குப் போறேல்ல.