இருபது டிகிரித் தண்ணி

— ஏழுதாண்ணா. எத்தனை தடவை போட்டாலும் எனக்கு ஏழுதான் வருது.

— ஏனுங்க அம்மிணி, எங்கிட்ட அடம் புடிச்சு என்னங்க பண்றது? நான் சோதனைக் கூடத்துல மீட்டர் முன்னாடியே நின்னு பேசறனுங்க. அழுத்தம் ஆறு பார்னு காட்டுது. நேத்தும் ஆறு, இன்னிக்குக் காலையிலயும் ஆறு.

— மீட்டர்ல கோளாறு இருக்கும், தரணிண்ணா.

— மீட்டரை மாத்திப் பாத்துட்டனுங்க. குழாயில காத்து அடைச்சிருக்குமோன்னு தொறந்து விட்டும் பாத்தாச்சு. பதினொரு மணிக்கு மீட்டிங்குங்க. கதிர்வேல் சார் வெளிய இருந்து வாங்கியாந்த கம்ப்யூட்டர் ப்ரோகிராம் அச்சு அசலா ஆறுங்குது. அவரு நெத்தி நெறையா விபூதியும் கையில லட்டு டப்பாவுமா வந்து உக்காந்துட்டாரு.

— நான் இல்லாத நாளாப் பாத்து வெச்சாங்க பாருங்க மீட்டிங்கு.

— தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்க மலையேறிட்டா நம்ம பெரிய மேடம் என்னங்க பண்ணுவாங்க? பம்புக்கு ஆர்டர் போடணுமுல்லீங்க.

— கண்ணு, கலைச்செல்வி, கொஞ்சம் மெல்லப் பேசு சாமி. என்ர போன் பூத்துக்கு வெளிய நம்ம எடப்புளி நாட்டுச் சனம் பாதி பஸ்ஸுக்கு நிக்குது. கல்யாண ஊட்டுக்காரி போன்ல சண்டை கட்டறான்னு வேடிக்கை பாக்கறாங்க. இந்தா, ஒரு வாய் தண்ணி குடி.

— குடுங்க சின்னராசு சித்தப்பா. ஸ்ஸ்... பல்லெல்லாம் கூசுது.

— நாலு வருசம் கடலோரத்துல குப்பை கொட்டிட்டு வந்தா நம்ம சோளக்காட்டு மலைத் தண்ணி கூசாம என்ன பண்ணும்? ஆமா, ஏழு ஆறுன்னு அப்பிடி என்ன வழக்கு அது?

— அணு உலையில எரிபொருள் குச்சிங்க இருக்கும் சித்தப்பா. பென்சில் தடிமன்தான். இருநூத்திப் பதினேழு குச்சியை ஒரு இரும்புக் கூட்டுக்குள்ள நெருக்கி நிறுத்தியிருப்பாங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க ஒவ்வொரு குச்சி மேலயும் ஒரு கம்பி சுத்தியிருக்கும்.

— மரத்துல மொளகுக்கொடி ஏறுன மாதிரி.

— அதேதான். அந்த இடுக்குல உருக்கின சோடியம் கீழருந்து மேல ஓடி, குச்சியோட சூட்டை வாங்கிட்டுப் போகணும். நெருக்கத்துல புகுந்து போறப்ப அழுத்தம் கொறையும். எவ்வளவு கொறையும்னு தெரிஞ்சாத்தான் எத்தனை பலமான பம்பு வேணும்னு சொல்ல முடியும். அதைக் கண்டுபுடிக்கிற சூத்திரம் நான் போட்டது சித்தப்பா. மூணு வருச உழைப்பு. சோதனைக்கு மட்டும் சோடியத்துக்குப் பதிலா தண்ணி ஓட்டிப் பாக்கறாங்க. என் கணக்கு ஏழு. தண்ணி ஆறுங்குது.

— பம்பு பத்தாமப் போச்சுன்னா?

— குச்சி சூடு தாங்காது. உருகிப் போயிரும்.

— அட சாமி. அப்ப ஏழுக்கே வாங்கிப் போட்டுர வேண்டியதுதான? பெருசா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?

— அப்பிடிக் குத்துமதிப்பா வாங்கறதுக்கு நான் எதுக்கு சித்தப்பா? சந்தையில சாக்கு வாங்கறமா?

— அம்மிணி, லைன்ல இருக்கறீங்களா? மேடம் சொல்லிவிட்டதைச் சொல்லிடறனுங்க, வருத்தப்படாதீங்க. இன்னிக்கு ஒத்து வரலைன்னா உங்க சூத்திரத்தை எடுத்து வெச்சுட்டு, இனிமேல் எல்லாத்துக்கும் கதிர்வேல் சார் ப்ரோகிராமையே வெச்சுக்கலாம்னுட்டாங்க.

— எடுத்து வெச்சுட்டா மறுபடி எடுக்க மாட்டாங்கண்ணா. எனக்கு அழுகையா வருது. நாளைக்கு முகூர்த்தம், எம் மூஞ்சியைப் பாத்து அம்மா என்னன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?

— அவரு மேலயும் குத்தம் சொல்ல முடியாதுங்க. குச்சி எத்தனை தடிமன், கம்பி எத்தனை தடிமன், எத்தனை வேகம், எல்லாமே உங்க கணக்கு ஷீட்டுல இருந்துதான் எடுத்துப் போட்டாரு. நீங்க குடுத்த சாமானை வெச்சே அவரு சமையல் நல்லா வந்திருச்சு.

— சரி, விடுங்க. கடைசியா ஒரே ஒரு தடவை மீட்டரைப் பாத்துச் சொல்லுங்க.

— இருங்க, துண்டை எடுத்துக்கறேன். அந்தக் குழாய்ப் பக்கம் சாயவே முடியறதில்லீங்க. காலையில தெரியாம ஒரு கை வெச்சு, கை செவந்து போச்சு.

— என்னண்ணா சொன்னீங்க?

— கை செவந்து போச்சுன்னேன்.

— எந்தக் குழாய்?

— தண்ணி ஓடற குழாய்தானுங்க. பம்பு விடாம ஓடுதுல்ல, சுத்திச் சுத்தி அதே தண்ணிதான. சூடேறிப் போகுது.

— தரணிண்ணா, ஓடிப் போய் அந்தத் தண்ணி எத்தனை டிகிரின்னு பாத்துட்டு வாங்க. போனை வெச்சிராதீங்க.

— கண்ணு, ஏன் மூஞ்சி இப்பிடி ஆயிருச்சு?

— சித்தப்பா, நான் குடிச்சனே இந்தத் தண்ணி, இது இருபது டிகிரி கூட இருக்காது. பொறந்ததுல இருந்து நான் குடிச்சது, குளிச்சது எல்லாம் இந்தத் தண்ணி. ஷீட்டுல தண்ணிச் சூடுன்னு ஒரு கட்டம் வந்துச்சு. தண்ணி எவ்வளவு இருக்கும், இருபதுன்னு போட்டுட்டேன். யாரையும் கேக்கக்கூடத் தோணலை.

— தண்ணி சூடா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன?

— மார்கழியில தேன் போத்தலை விட்டு எறங்குமா?

— எறங்காது. அடுப்போரம் வெச்சாத்தான் எளகும்.

— தண்ணியும் அப்பிடித்தான். சூடானா எளகிச் சுலபமா ஓடும். அழுத்தம் கொறைச்சலாத்தான் போகும்.

— அம்மிணி, அம்பதுங்க. அம்பது டிகிரி. தெர்மாமீட்டர் ஒரு ஓரமா இருந்துச்சு. உங்க ஷீட்டுல இருபதுன்னு போட்டிருந்ததால நான் அதை எழுதறதே இல்லீங்க.

— சித்தப்பா, அந்தக் கால்குலேட்டரைக் குடுங்க.

— இது மொளகு எடைக்குத் தட்டறது கண்ணு. உன்ர பெரிய கணக்கெல்லாம் இதுல வருமா?

— ரூட் பொத்தான் இருக்குது, போதும்.

— அந்தப் பொத்தானை நான் இதுவரைக்கும் தொட்டதே இல்ல. என்னத்துக்கோ வெச்சிருக்கான்னு விட்டுட்டேன்.

— அண்ணா, நீங்களும் கூடவே போடுங்க. இருபதுல தண்ணியோட கொழகொழப்பு ஒண்ணு. அம்பதுல புள்ளி அஞ்சு அஞ்சு. என் சூத்திரத்துல அது நாலாம் மூலமா வரும், அதனால ரெண்டு தடவை ரூட்.

— புள்ளி எட்டு ஆறு வருதுங்க.

— ஏழால பெருக்குங்க. சூட்டுல தண்ணி எடையும் நூத்துல ஒரு பங்கு கொறையும், அதையும் கழிச்சிருங்க.

— இருங்க... அஞ்சு புள்ளி ஒம்பது ஏழு.

— எனக்கும் அதே.

— ஏனுங்க அம்மிணி, ஆறுங்க! ஆறேதானுங்க!

— சித்தப்பா, ஆறு வந்துருச்சு.

— வந்துருச்சா? அட என்ர சாமி. ஏம்ப்பா, எல்லாரும் சித்த நேரம் பஸ்ஸை நிறுத்தி வெய்யுங்க, எங்க புள்ள கணக்கு வந்துருச்சு.

— சித்தப்பா, நிறுத்துங்க, அவங்களுக்கு என்ன தெரியும்.

— தெரியாட்டி என்ன? சிரிக்கறாங்க பாரு. நீயும் சிரிக்கறியே, அது போதும்.

— அம்மிணி, நான் இப்பவே மேடங்கிட்ட ஓடறேன். ஆனா ஒண்ணுங்க. உங்களுதும் ஆறு, கதிர்வேல் சாருதும் ஆறுன்னு ஆயிப்போச்சு. ரெண்டும் சரின்னா, வாங்கியாந்ததுதான் நல்லதும்பாரு. லட்டு டப்பாவை வேற தொறந்துட்டாரு.

— போகாதீங்கண்ணா. ஒரு நிமிசம். எல்லாத்தையும் என் ஷீட்டுல இருந்துதான் எடுத்தாருன்னீங்கல்ல?

— ஆமாங்க. ஒரு புள்ளி விடாம.

— தண்ணிச் சூட்டையும்?

— அதையும்தானுங்க. இருபதுன்னே... ஐயோ அம்மிணி.

— ஆமாண்ணா. மலைத் தண்ணிக்கே அவரு ஆறு. உங்க கொதிக்கிற தண்ணிக்கு அவரு ப்ரோகிராம் அஞ்சுதான் காட்டும், மீட்டரோ ஆறுங்குது; அவரு கணக்குக்குப் பம்பு வாங்கினா குச்சி உருகிரும்னு போய்ச் சொல்லுங்க, லட்டு தீர்றதுக்குள்ள.